எழுவான்கரை வீடொன்றின் சூழல் தடத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில், கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலுள்ள ஆறு வீட்டாரும் சென்ற ஆண்டு ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். ஒவ்வொரு வீடும் இயற்கைக்கு எவ்வளவு சுமையாக இருக்கின்றது என்பதை ஓராண்டு கணக்கு வைத்துப் பார்ப்பது, அதன் பிறகு எதனைக் குறைக்கலாம் என்று பேசுவது என்பதே அத்தீர்மானம். எண்ணம் இலகுவாகப் பிறந்துவிட்டது. எந்த முறையில் கணக்கு வைப்பது என்ற இடத்தில்தான் ஆறு வீட்டுக்கு ஆறு கருத்தாயிற்று. ஒருவர் கைத்தொலைபேசிச் செயலி போதும் என்றார். இன்னொருவரின் மகள் பாடசாலையில் படித்த "எத்தனை பூமி தேவை" என்ற கேள்வித்தாளே சிறந்தது என்றாள். வேளாண்மைச் செய்கையுள்ள ஒருவர் தண்ணீரைக் கணக்கெடுக்காத கணக்கு கணக்கே அல்ல என்றார். எல்லா முறைகளையும் என் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று மாதங்கள் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததையும், நான் எதனைத் தேர்ந்தேன், ஏன் தேர்ந்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஓர் உரைகல்லை வைத்துக்கொண்டேன். ஒரு முறை தரும் எண் மாறினால், அந்த மாற்றம் என் வீட்டில் எந்தச் செயலால் வந்தது என்று என்னால் விரல் நீட்டிக் காட்ட முடியவேண்டும். காட்ட முடியாவிட்டால், அந்த எண் எவ்வளவு நுட்பமாகக் கணிக்கப்பட்டிருந்தாலும் எங்கள் நோக்கத்துக்கு அது உதவாது. நாங்கள் ஆய்வுக் கட்டுரை எழுதப் போவதில்லை; பெற்றோலைக் குறைப்பதா, அரிசியை மாற்றுவதா, மாடியறை கட்டுவதைத் தள்ளிப்போடுவதா என்று முடிவெடுக்கப் போகிறோம்.

முதலில் எடுத்தது காபன் தடக் கணிப்பான்களை. ஒரு மனிதரின் வாழ்க்கைமுறையால் வெளியேறும் காபனீரொட்சைட்டு, மீதேன் முதலிய வெப்பம் கூட்டும் வாயுக்களை ஒரே அலகில், அதாவது காபனீரொட்சைட்டுக்குச் சமமான கிலோவில், கூட்டித் தருவதே இவற்றின் வேலை. "உங்கள் காபன் தடம் என்ன?" என்று சாதாரண மக்களைக் கேட்கும் வழக்கத்தை 2000களின் நடுப்பகுதியில் பெரிதாகப் பரப்பியவர்களுள் பிபி என்ற எண்ணெய் நிறுவனமும் உண்டு, அது தன் சொந்தக் கணிப்பானையே வெளியிட்டிருந்தது. எண்ணெய் விற்பவர் வாங்குபவரிடம் கணக்குக் கேட்ட அந்த விநோதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், கருவி என்ற வகையில் இதற்குச் சில நல்ல குணங்கள் உண்டு. எரிபொருளைப் பொறுத்தவரை இதன் கணக்கு வெறும் இரசாயனம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ, ஒரு கிலோ சமையல் வாயுவுக்கு ஏறத்தாழ 3 கிலோ. இவை மட்டக்களப்பிலும் மாறா, மான்செஸ்டரிலும் மாறா.

நான் கல்லடியிலிருந்து செங்கலடிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவன். பாலம் கடந்து, நகரம் கடந்து, ஏறாவூர் தாண்டிப் போகும் அந்தப் பயணமும் சில்லறை ஓட்டங்களும் சேர்ந்து மாதம் 17 லீற்றர் பெற்றோல் ஆகின்றது. 2022 யூலையில் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வைத்திருந்தார்கள்; மாதக் கணக்குக்கு அதுவும் ஏறத்தாழ 17 லீற்றர்தான். பங்கீடு போய்விட்டது, பழக்கம் அங்கேயே நின்றுவிட்டது போலும். ஆண்டுக்கு 204 லீற்றர், அதாவது ஏறக்குறைய 470 கிலோ. சமையல் வாயுவில் 12.5 கிலோ சிலிண்டர் ஆண்டுக்கு ஏழு. சிலிண்டர் ஒன்றுக்கு 37 கிலோ என்று கொண்டால் 260 கிலோ. இதுவரை கணிப்பானுக்கும் எனக்கும் பிணக்கு இல்லை.

பிணக்கு மின்சாரத்தில் தொடங்கியது. எங்கள் வீட்டு மானி மாதம் 90 அலகளவில் ஓடும். நான் பார்த்த முதற் கணிப்பானில் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஐக்கிய இராச்சியத்தைத் தெரிவு செய்தேன். ஓர் அலகுக்கு 0.2 கிலோவை அண்டிய பெறுமானத்தைப் பெருக்கி ஆண்டுக்கு 216 கிலோ என்றது. இந்தியாவைத் தெரிவு செய்தேன். நிலக்கரி மிகுந்த அந்நாட்டில் ஓர் அலகுக்கு 0.7 கிலோ அளவில் வருவதால் 756 கிலோ என்றது. மின்குமிழும் அதுவே, மின்விசிறியும் அதுவே. நம் நாட்டிலோ மழை நன்றாகப் பெய்து மலைநாட்டு நீர்மின் நிலையங்கள் ஓடும் மாதத்திலும், 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல்மின் நிலையமும் எண்ணெய் நிலையங்களும் பாரத்தைச் சுமக்கும் வறட்சி மாதத்திலும் ஓர் அலகின் காபன் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே அரைக் கிலோ என்ற வட்டமான எண்ணை நானே வைத்துக்கொண்டு 540 கிலோ என்று எழுதினேன். மூன்றையும் கூட்டினால் நான்கு பேருள்ள எங்கள் வீட்டின் எரிபொருளும் மின்சாரமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,270 கிலோ. தலைக்கு 320 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணிப்பான்கள் வேறொரு காற்றில் வளர்ந்தவை என்பது அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும். "வீட்டை எதனால் சூடாக்குகிறீர்கள்?" என்று ஒன்று கேட்டது. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், கதவு யன்னலெல்லாம் திறந்துவைத்து வியர்த்துக்கொண்டிருந்தவனிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. சூடாக்குவதில்லை என்ற விடைக்கு இடமிருக்கவில்லை. மறுபக்கம், எங்கள் மாமி தென்னம் பாளையும் மட்டையும் சிரட்டையும் வைத்து அடுப்பெரிக்கிறாரே, அதனை எங்கே எழுதுவது என்று தேடினால் அதற்கும் பெட்டி இல்லை. விறகுக் கணக்கு உண்மையில் சிக்கலானது. மரம் மீண்டும் வளர்ந்து அதே காபனை உறிஞ்சிக்கொள்ளும் என்ற எடுகோளில் அதன் காபனீரொட்சைட்டைப் பல கணக்குகள் சேர்ப்பதில்லை. விழுந்த பாளைக்கு அது பொருந்தும். காடு வெட்டி ஏற்றிவரும் விறகுக்குப் பொருந்தாது. புகையால் சமைப்பவரின் நெஞ்சுக்கு வரும் கேடோ எந்தக் கணக்கிலும் இல்லை.

உணவில் நிலைமை இன்னும் மோசம். எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ அரிசி, ஆண்டுக்கு 365 கிலோ. நீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குள் ஒட்சிசன் இறங்குவதில்லை; அந்நிலையில் வைக்கோலையும் வேரெச்சங்களையும் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மீதேனை வெளிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீதேன் ஏறத்தாழ 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஆனால் எவ்வளவு மீதேன் என்பது வயலுக்கு வயல் மாறும். எத்தனை நாள் நீர் நின்றது, வைக்கோலை எப்போது உழுது புதைத்தார்கள், இடையில் வயலைக் காயவிட்டார்களா என்பவற்றில் அது தங்கியிருக்கிறது. வயலை இடைவிட்டுக் காயவைத்து நீர் பாய்ச்சும் முறையால் மீதேனை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கலாம் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அதனால் ஒரு கிலோ அரிசிக்குக் கணிப்பான்கள் எடுத்துக்கொள்ளும் பெறுமானம் ஒரு கிலோவிலிருந்து நான்கு கிலோவுக்கு மேல் வரை பரந்து கிடக்கிறது. என் வீட்டுக்கு அது 365 கிலோவா, 1,460 கிலோவா? இந்த ஒரு வரியின் ஐயப்பாடு என் மோட்டார் சைக்கிளின் முழு ஆண்டுப் புகையைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. கணிப்பானோ இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, தசம தானம் வரை துல்லியமாக ஓர் எண்ணைத் தந்துவிட்டது. அந்தத் தசமத்தைக் கண்டபோதுதான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை குறைந்தது.

ஆனாலும் காபன் கணிப்பானைத் தூக்கியெறிய முடியாத ஓரிடம் உண்டு, அது விமானம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கட்டாரிலோ இலண்டனிலோ ஒருவர் இல்லாத குடும்பம் அரிது. கொழும்பிலிருந்து இலண்டனுக்குச் சாதாரண வகுப்பில் ஒருவர் போய்த் திரும்பினால் அவர் பங்குக்கு ஏறத்தாழ ஒரு தொன். உயர்வானில் விமானப் புகை ஏற்படுத்தும் ஏனைய விளைவுகளையும் சேர்க்கும் கணிப்பான்கள் அதனை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். என் தமையனார் ஒருமுறை வந்து போனாலே எங்கள் வீட்டு நால்வரின் ஓராண்டு பெற்றோல், வாயு, மின்சாரம் அனைத்துக்கும் ஈடாகிவிடுகிறது. இலங்கையரின் சராசரி காபனீரொட்சைட்டு ஆண்டுக்கு ஒரு தொன்னை அண்டியே இருக்கிறது. உலகச் சராசரி அதன் நான்கு மடங்குக்கு மேல். கட்டாரில் அது முப்பது தொன்னையும் தாண்டும். பாலைவனத்தில் உழைத்து அனுப்பும் பிள்ளையின் தடம் யாருடைய கணக்கில் ஏறவேண்டும் என்பது தனியே பேசவேண்டிய விடயம்.

செலவு வழியாகக் கணிக்கும் செயலிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இவை நீங்கள் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்று கேட்டு, அத்தொகையை ஒரு காரணியால் பெருக்கித் தடத்தைச் சொல்லும். விலைவாசி அசையாத நாட்டில் இது ஓரளவு ஒத்துவரலாம். 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபாவளவில் நின்ற நாணயம் இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டிய நாடு இது. பால்மாப் பைக்கற்றின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது; பைக்கற்றுக்குள் இருந்த பால்மா அதே 400 கிராம்தான், அது வந்த தூரமும் அதே நியூசிலாந்துத் தூரம்தான். ரூபாவில் கணிக்கும் செயலி உங்கள் தடம் இரட்டித்துவிட்டது என்று சொல்லும். டொலருக்கு மாற்றிக் கணிக்கும் செயலி, விலை அவ்வளவாக ஏறாத உள்ளூர்க் காய்கறிக்கு உங்கள் தடம் பாதியாகிவிட்டது என்று சொல்லும். இரண்டும் பொய். என் உரைகல்லில் முதலில் தோற்றுப் போனது இந்த முறைதான்.

அடுத்தது, "எத்தனை பூமி தேவை" என்ற கேள்வித்தாளுக்கு அடிப்படையான சூழலியல் தடம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மத்திஸ் வாக்கர்நாகலும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த அளவுகோல் கிலோவில் பேசுவதில்லை, நிலத்தில் பேசுகிறது. ஒரு மனிதர் உண்ணவும் உடுக்கவும் குடியிருக்கவும், அவர் எரிப்பதால் வரும் காபனை உறிஞ்சவும் எவ்வளவு விளைநிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடிப் பரப்பு, கட்டட நிலம் தேவை என்பதை "உலக ஹெக்டயர்" என்ற பொது அலகில் அது தரும். பூமியில் தலைக்கு அமையும் பங்கு ஏறத்தாழ 1.5 உலக ஹெக்டயர். மனிதர் சராசரியாகப் பயன்படுத்துவதோ 2.6 அளவில். ஆண்டின் பங்கு தீர்ந்துபோகும் நாளை ஒவ்வோர் ஆண்டும் கணித்து அறிவிக்கிறார்கள். 2024இல் அது ஓகஸ்ட் 1ஆம் திகதி.

இந்த அளவுகோலின் பலம் அதன் மொழியில் இருக்கிறது. வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில் காணியைக் கொண்டே மனிதரை அளந்து பழகியவர்களுக்கு இதனை விளக்கப் பெரிய பாடம் தேவைப்படவில்லை. "உலகத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்றே முக்கால் ஏக்கர் அளவில் வரும், நாம் சராசரியாக ஆறு ஏக்கருக்கு மேல் உழுதுகொண்டிருக்கிறோம்" என்று சொன்னவுடன், அப்படியென்றால் மிச்ச ஏக்கர் யாருடைய காணி என்ற கேள்வி தானாகவே வந்தது. கிலோக் கணக்கைக் கேட்டு ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

ஆனால் வீட்டுக் கணக்குக்கு இது பொருந்தவில்லை. அந்தப் பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு காபனை உறிஞ்சத் தேவைப்படும், எங்கும் நடப்படாத ஒரு காட்டின் பரப்பு. ஆகவே இதுவும் பெருமளவில் காபன் கணக்கேதான், உடை மட்டும் வேறு. நாட்டின் வீதி, மருத்துவமனை, அரச கட்டடம் ஆகியவற்றில் ஒரு பங்கும் ஒவ்வொருவர் தலையில் ஏறிவிடுகிறது. வீட்டில் என்ன குறைத்தாலும் அந்தப் பங்கு அசையாது. நான் ஒரே கேள்வித்தாளை ஒரு வார இடைவெளியில் இருமுறை நிரப்பினேன். "உங்கள் உணவில் எவ்வளவு அருகில் விளைந்தது?" என்ற கேள்விக்கு முதல்முறை அரிசியை நினைத்தும், மறுமுறை பருப்பு, சீனி, கோதுமை மாவை நினைத்தும் பதில் சொன்னேன். இரு விடைகளுக்கும் இடையில் கால் பூமி வித்தியாசம் வந்தது. என் அடுக்களையில் ஒரு மணியும் மாறவில்லை.

இதைவிட எனக்கு உறுத்தியது கண்டல். வாவிக்கரையில் கண்டல் மரங்களை வெட்டி மண் நிரப்பி ஒருவர் வீடு கட்டினால், இந்தக் கணக்கில் அது சில பேர்ச் கட்டட நிலமாக மட்டுமே தோன்றும். அங்கே அடைக்கலம் தேடிய இறால் குஞ்சு, அந்த வேர்களுக்கிடையே வளர்ந்த மீன் குஞ்சு, வெள்ளத்தைத் தாங்கிய கரை ஆகிய எதற்கும் அதில் பெறுமானம் இல்லை. வாவியை நம்பியிருக்கும் ஊருக்கு இது சிறிய குறையன்று.

நீர்த் தடத்துக்கு வருகிறேன். நெதர்லாந்து அறிஞர் ஆர்ஜன் ஹூக்ஸ்ட்ரா 2002இல் முன்வைத்த இம்முறை, ஒரு பொருளை உண்டாக்கச் செலவான நீரை மூன்றாகப் பிரிக்கிறது. மழையாகப் பெய்து மண்ணில் தங்கி பயிர் உறிஞ்சியது பச்சை நீர். குளம், ஆறு, கிணற்றிலிருந்து எடுத்தது நீல நீர். உரமும் நஞ்சும் கலந்து கெட்ட நீரைத் தரநிலைக்கு நீர்த்துப்போகச் செய்யத் தேவைப்படுவது சாம்பல் நீர். உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 2,500 லீற்றர். எங்கள் வீட்டு நீர்ப் பட்டியல் மாதம் 18 அலகு (ஓர் அலகு ஆயிரம் லீற்றர்), ஆண்டுக்கு 216,000 லீற்றர். நாங்கள் உண்ணும் அரிசிக்குள் இருக்கும் நீரோ 900,000 லீற்றரைத் தாண்டுகிறது. குழாயை இறுக்கி மூடு என்று பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்த எனக்கு, சோற்றுப் பானையில் நான்கு மடங்கு நீர் இருக்கிறது என்பது புதிது.

இந்தக் கணக்கை எங்கள் ஒழுங்கையின் வேளாண்மைக்காரரிடம் காட்டினேன். வெல்லாவெளிப் பக்கம் வயல் உள்ள மூத்தவர் அவர். ஊரார் இன்றும் போடியார், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர், என்றுதான் அழைக்கிறார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "ஏன் மனே, மாரியில வானம் தந்த தண்ணியையும் என்ட பேரிலயா எழுதிரிக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் முழு விவாதமும் அடங்கிவிட்டது. மாரிப் பயிர்க்காலமான பெரும்போகத்தில் அவருடைய வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், பெய்யும் மழை, அவர் விதைக்காவிட்டாலும் அங்கே பெய்து வாவிக்கு வடியத்தான் போகிறது. கோடைப் பயிர்க்காலமான சிறுபோகத்தில் குளத்து மதகைத் திறந்து பாய்ச்சும் நீரோ அப்படியன்று. அது இன்னொருவரின் வயலுக்கோ ஒரு நகரத்தின் குடிநீருக்கோ போயிருக்கக்கூடிய நீர். மட்டக்களப்பு நகரத்துக்குக் குழாயில் வரும் நீரே உன்னிச்சைக் குளத்து நீர்தான். அம்பாறையில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரத்தை நம்பி விளையும் சிறுபோக நெல்லுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆகவே 2,500 என்ற ஒரே எண்ணை எல்லா அரிசிக்கும் ஒட்டுவது பயனற்றது. பச்சையையும் நீலத்தையும் பிரித்துப் பார்ப்பதே இம்முறையின் உயிர். அப்படிப் பிரித்தால், எந்தப் போகத்து நெல்லை வாங்கி வைப்பது என்ற ஒரு வீட்டு முடிவுக்கு அது நேராகப் பதில் சொல்கிறது. வேறெந்த முறையும் அதனைச் சொல்லவில்லை.

சாம்பல் நீரில் இன்னொரு பாடம் இருந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் போடியாரின் வயலுக்கு இட்ட யூரியா மிகக் குறைவு. வடிகாலில் இறங்கிய நைதரசனும் குறைந்திருக்கும். விளைச்சலும் விழுந்தது. ஏக்கருக்கு என்று கணக்கெடுத்தால் தடம் சுருங்கியது. கிலோவுக்கு என்று கணக்கெடுத்தால் நீருக்கும் உழவுக்கும் டீசலுக்கும் தடம் பெருகியது. எதனால் வகுக்கிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இருந்தும் நீர்த் தடத்தை ஒழுங்கைக்கு முழுவதும் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. வயல் இல்லாத வீட்டாருக்குச் சந்தையில் வாங்கும் அரிசி எந்தப் போகத்தது என்று பெரும்பாலும் தெரியாது. மருதமுனையில் நெய்த சாரத்தை வாங்கினாலும், பருத்தி விளைந்த இடமும் அங்கு செலவான நீரும் வேறெங்கோ இருக்கின்றன.

இந்த நான்கு முறைகளையும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், குப்பை எதிலும் இல்லை என்பது உறைத்தது. அம்பாறையின் பள்ளக்காட்டில் திறந்த வெளியில் கொட்டப்படும் குப்பையைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்று 2022 தொடக்கத்தில் செய்திகள் வந்தன. வயிற்றுக்குள் உணவுப் பொதிகளும் பொலித்தீனும் இருந்தன. ஒரு பொலித்தீன் சொப்பின் பையின் எடை சில கிராம். அதன் காபன் சில கிராம். நீர் சொற்பம். நிலம் சொற்பம். மூன்று அளவுகோல்களும் அதனைப் பூச்சியம் என்றே வாசிக்கும். யானைக்கு அது பூச்சியமன்று. காற்றில் பறந்து வாவிக்குள் விழுந்து, தோணியின் வலையில் இறாலோடு ஏறிவரும் பைக்கும் அப்படியே.

ஆகவே கடைசியாகப் பார்த்தது, உண்மையில் முதலிலேயே தொடங்கியிருக்க வேண்டியது: ஒரு கொப்பி. மாத முடிவில் நான் எழுதும் வரிகள் இவை: மின்மானியின் வாசிப்பு, நீர்மானியின் வாசிப்பு, பெற்றோல் லீற்றர், சிலிண்டர் மாற்றிய திகதி, வாங்கிய அரிசியின் கிலோ, வெளியே போன குப்பை. குப்பைக்கு மீன்காரர் ஒருவரிடமிருந்து பழைய தூக்குத் தராசு ஒன்றை வாங்கினேன். குசினிக்குப் பின்னாலுள்ள மாங்கொப்பில் அது தொங்குகிறது. ஞாயிறு மாலையில் இளைய மகள் பையைக் கொக்கியில் மாட்டி, முள் ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் வாரம் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் மட்டும் 900 கிராம். எட்டாவது வாரம் 500 கிராம். இடையில் நடந்தது இவ்வளவுதான்: சந்தைக்குப் போகும்போது பன்பை எடுத்துச் செல்லத் தொடங்கினோம், கடையில் சோற்றுப் பார்சல் வாங்குவதை விட்டு ஏனத்தைக் கொண்டுபோனோம். எண் ஏன் இறங்கியது என்று அவளாலேயே சொல்ல முடிந்தது. என் உரைகல்லில் நின்றது இந்தக் கொப்பி ஒன்றுதான்.

கொப்பியின் குறையையும் மறைக்கக்கூடாது. அது கூட்டுத்தொகை தராது. அலகும் லீற்றரும் கிலோவும் ஒன்றோடொன்று கூடா. மாதாந்தம் வராத பொருட்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை. கைத்தொலைபேசியை மின்னேற்றச் செலவாகும் மின்சாரம் மிகச் சொற்பம்; அதன் காபனில் பெரும்பகுதி அது கடைக்கு வருமுன்பே, உற்பத்தியின்போதே வெளியேறிவிடுகிறது. சீமெந்து இன்னும் பெரியது. சூளையை எரிப்பதால் மட்டுமன்றி, சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரிவதாலேயே காபனீரொட்சைட்டு வெளியேறுவதால், 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று 30 முதல் 45 கிலோ வரை சுமந்துகொண்டு வருகிறது. அதாவது ஏறத்தாழ ஒரு சமையல் வாயுச் சிலிண்டர். மாடியில் ஓர் அறையும் கூரைத் தட்டும் எழுப்ப 200 பைகள் போனால் அது ஏழு தொன்னைத் தாண்டும். எங்கள் வீட்டு எரிபொருள், மின்சாரக் கணக்கில் ஆறாண்டு அளவு. கம்பியைச் சேர்த்தால் இன்னும் ஏறும். மாதம் ஒருமுறை மானியைப் பார்த்து மனநிறைவு கொள்பவர் இதனை முற்றாகத் தவறவிடுவார்.

ஆகவே ஒழுங்கைக் கூட்டத்தில் நான் முன்வைத்தது ஒரு கலவை. அடிப்படை கொப்பியாகவே இருக்கட்டும். அதில் பெற்றோல், வாயு, மின்சாரம் ஆகிய மூன்றுக்கு மட்டும், நான் மேலே கொடுத்த காரணிகளால் பெருக்கிக் காபன் கிலோவை ஓரத்தில் எழுதலாம். அரிசிக்கு அப்படி எழுதவேண்டாம், ஏனெனில் அங்கே எழுதப்படும் எண் நம் வீட்டை அளக்காது, நாம் தெரிந்தெடுத்த காரணியையே அளக்கும். கொப்பியின் கடைசிப் பக்கத்தைச் சீமெந்து, வாகனம், குளிர்சாதனப் பெட்டி, விமானப் பயணம் என்ற பெரிய வரவுகளுக்கு ஒதுக்கவேண்டும். போடியார் வீட்டுக்கு மட்டும் நீல நீருக்கு ஒரு தனிப் பத்தி, போகத்துக்கு ஒருமுறை. பாடசாலைப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை "எத்தனை பூமி" கேள்வித்தாளை நிரப்பட்டும். அந்த விடையைக் கொப்பியில் எழுத வேண்டியதில்லை, பேசினால் போதும். செலவுக் கணக்குச் செயலி வேண்டாம்.

எல்லோருக்கும் இந்தக் கலவை பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு இருமுறை வெளிநாடு போய்வரும் ஒருவருக்கு மற்ற வரிகளெல்லாம் தூசு. அவர் விமானத்துக்கான காபன் கணிப்பானை மட்டும் பார்த்தால் போதும். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் தையலகமோ உணவகமோ நடத்துபவருக்கு வீட்டுக் கொப்பியும் தொழிற் கொப்பியும் கலந்துவிடும். மானி ஒன்றாக இருக்கும் இடத்தில் அவற்றை எப்படிப் பிரித்தாலும் ஏதோ ஒரு பக்கம் கோணும். வாடகை வீட்டில், ஒரே மானியில் மூன்று குடும்பம் இருப்பவர்களுக்கும் இதே கரைச்சல்தான்.

கூட்டத்தில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஒரே ஒரு விடயத்தில் மட்டும் ஒரு மணிநேரம் போயிற்று. மூலை வீட்டுக்காரர் இந்த ஆண்டு மாடியறை கட்டத் தொடங்குகிறார். அந்தச் சீமெந்தை வந்த ஆண்டிலேயே முழுவதுமாக எழுதுவதா, வீடு ஐம்பது ஆண்டு நிற்கும் என்று கொண்டு ஐம்பதால் வகுத்து எழுதுவதா என்பதே வழக்கு. வகுத்து எழுதினால் ஆண்டுக்கு நான்கு பைதான், எவருக்கும் உறைக்காது. முழுவதும் எழுதினால் அந்த ஆண்டு அவருடைய கொப்பி மற்ற ஐந்து வீட்டுக் கொப்பிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். "நான் என்ன ஆண்டுக்கொருக்கா வீடு கட்டுறனா?" என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முடிவில், பைகளின் எண்ணிக்கையைக் கடைசிப் பக்கத்தில் வந்த திகதியோடு சிவப்பு மையில் முழுவதுமாக எழுதுவது, அதனை மாதக் கணக்கோடு கூட்டாமல் விடுவது என்று இணங்கினோம். நேற்று முதல் லொறி வந்தது. நாற்பது பை இறங்கியது. அவரே எண்ணி எழுதினார்.